கேட்பாரற்றவருக்கு யார் பொறுப்பு?

டாய் வியட்: ஒரு நாட்டின் கதை – பகுதி 14

சீனாவின் மிங் படைகள் 1427ஆம் ஆண்டின் இறுதியில் சமாதானம் பேசி வெளியேறியதையும், லாம் சோனில் கிளர்ச்சியைத் தொடங்கிய லே லோய் மறு ஆண்டு இன்றைய ஹனோயில் அரியணை ஏறியதையும் சென்ற பகுதியில் பார்த்தோம். இருபது ஆண்டு அந்நிய ஆட்சியும் பத்தாண்டுப் போரும் சிதைத்துப்போட்ட நாடுதான் அவர் கைக்கு வந்தது. ஆள் இல்லாத வயல்களும் வயல் இல்லாத ஆட்களுமாகக் கிடந்த அந்த நாட்டுக்கு லே அரசகுலம் ஒரு சட்டத்தொகுப்பை வகுத்துக்கொண்டது. அதில் 13 இயல்கள், 722 விதிகள். லே தான் தோங் மன்னரின் ஹோங் டுக் ஆட்சிக்காலத்தோடு (1470–1497) இணைத்து அதை ‘ஹோங் டுக் சட்டம்’ என்று அழைப்பது வழக்கமாகிவிட்டது. ஆனால் எல்லா விதிகளும் அவர் காலத்தில் எழுதப்பட்டவை அல்ல. லே லோய் காலத்திலிருந்தே ஒவ்வொன்றாகச் சேர்ந்து, அவருக்குப் பின்னும் கூடிக்கொண்டு வந்தவை. தேசத்துரோகம், கொலை, களவு, நிலத்தகராறு என எந்த அரசின் சட்டத்திலும் இருப்பவை இதிலும் உண்டு. அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். நோயாளி, அநாதை, விதவை, முதியவர், ஊனமுற்றவர், கைவிடப்பட்ட மனைவி ஆகியோரைப் பற்றி இந்தச் சட்டம் என்ன சொன்னது, எந்த வழியில் சொன்னது என்பதே இந்தப் பகுதியின் கேள்வி.

294ஆம் விதியிலிருந்து தொடங்குவோம். தலைநகரிலோ ஊர்ப்புறத்திலோ, நோயுற்றுப் பேணுவார் இல்லாமல் ஒருவர் வழியோரத்தில், பாலத்தில், சாவடியில், புத்த விகாரையில் கிடந்தால், அந்த இடத்தின் ஊர் அதிகாரி அவருக்கு ஒரு கொட்டகை போட்டுக் கொடுக்க வேண்டும். சோறோ கஞ்சியோ கொடுத்து, மருந்து கொடுத்து, உயிரைக் காப்பாற்ற முயல வேண்டும். வேதனையில் முனகிக் கிடக்கும்படி விட்டுவிடக் கூடாது. அப்படியும் இறந்துபோனால் மேலிடத்துக்குத் தெரிவித்து அடக்கம் செய்ய வேண்டும். உடல் வெட்டவெளியில் கிடக்கக் கூடாது. இவற்றில் தவறும் அதிகாரிக்குப் பதவி இறக்கம் அல்லது பதவி நீக்கம். நோயுற்றவர் எந்த ஊர்க்காரர், எந்தக் குடியைச் சேர்ந்தவர், வரி கட்டியவரா என்று இந்த விதி எங்கும் கேட்கவில்லை. வியட்நாமிய ஊர்களின் அமைப்பை அறிந்தவர்களுக்கு இது எத்தனை பெரிய செய்தி என்று தெரியும். ஊர்ப் பதிவேட்டில் பெயர் உள்ளவர்கள் ஒரு வகை, வெளியிலிருந்து வந்து தங்கியவர்கள் வேறொரு வகை. ஊரின் பொதுநிலத்தில் பங்கு, கோயில் விருந்தில் இடம், ஊர்க் கூட்டத்தில் பேச்சு எல்லாம் முதல் வகையினருக்கே. அப்படி உள்ளூராரையும் வெளியூராரையும் பிரித்து வாழ்ந்த ஒரு சமூகத்தில், எங்கிருந்து வந்தார் என்றே தெரியாத நோயாளியை ஊரின் கணக்கில் எழுதுகிறது சட்டம்.

அடுத்த விதி, 295, இன்னும் பரந்தது. மனைவியை இழந்தவர், கணவனை இழந்தவர், பெற்றோர் அற்ற பிள்ளைகள், கடும் ஊனமுற்றவர் ஆகியோருள் அண்டி வாழ உறவினர் இல்லாமல், தாமே பிழைக்கவும் முடியாமல் இருப்பவர்களை அந்தந்த இடத்து அதிகாரி ஏற்றுப் பராமரிக்க வேண்டும். கைவிட்டால் 50 பிரம்படியும் ஒரு படி பதவி இறக்கமும். அவர்களுக்கென்று அளிக்கப்பட்ட சோற்றிலும் துணியிலும் கீழ்நிலை எழுத்தர் கைவைத்தால், அரசுக் களஞ்சியத்தைக் காப்பவனே அதில் திருடியதற்கு என்ன தண்டனையோ அதே தண்டனை. அநாதையின் கஞ்சியைக் குறைத்தவனும் அரசனின் நெல்லைத் திருடியவனும் ஒரே குற்றவாளி என்று வகைப்படுத்தியதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். அதற்குப் பின்னால் ஒரு நிர்வாக அனுபவம் இருக்கிறது. நிவாரணம் என்று ஒன்றை ஒதுக்கினால் அது போய்ச் சேரும் வழியில் தேயும் என்பதை இந்த விதியை எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள். அதற்கும் சேர்த்தே எழுதினார்கள்.

இந்த இரண்டு விதிகளையும் வைத்து என் வாதத்தைச் சொல்லிவிடுகிறேன். லே சட்டம் நலிந்தவரிடம் ‘இது உன் உரிமை’ என்று சொல்லவில்லை. அவருக்குப் பக்கத்தில் அதிகாரத்தோடு நிற்கும் ஒருவரைச் சுட்டிக்காட்டி, ‘இவரைக் கைவிட்டால் உனக்கு இன்ன தண்டனை’ என்று சொன்னது. நோயாளிக்கு ஊர் அதிகாரி, அநாதைக்கு அவனை விலைக்கு வாங்குபவன், மனைவிக்குக் கணவன், கைதிக்குச் சிறைக்காவலன் என்று ஒவ்வொருவருக்கும் எதிரே பொறுப்பேற்க வேண்டியவர் ஒருவர் நிறுத்தப்பட்டார். இந்தச் சட்டத்தின் வலிமையும் அதன் எல்லையும் இந்த ஒரே முறையிலிருந்து பிறந்தவை. மற்ற விதிகளையும் இந்தக் கண்ணோடு படித்தால்தான் அவை ஒன்றோடொன்று பொருந்துகின்றன.

குழந்தைகள் விற்கப்பட்டதை எடுத்துக்கொள்வோம். இது அந்த நாட்டின் பழைய புண். ட்ரான் அரசகுலத்தின் காலத்தில், 1290இல் வந்த பெரும் பஞ்சத்தைப் பற்றி அரசு வரலாற்றுக் குறிப்பு தரும் கணக்கு நெஞ்சை உலுக்குவது. மூன்று படி அரிசி ஒரு குவான் காசுக்கு விற்றது. மக்கள் தங்கள் மகனையும் மகளையும் அடிமையாக விற்றார்கள். ஓர் ஆளின் விலையும் ஒரு குவான்தான். இரண்டு ஆண்டு கழித்து, அப்படி வாங்கப்பட்ட குடிமக்களை மீட்டுக்கொள்ள அனுமதித்து அரசன் ஆணை பிறப்பித்தான். ஆணை வந்தது விற்பனை முடிந்த பிறகு. லே சட்டத்தின் 313ஆம் விதி விற்பனை நடக்கும் இடத்துக்கே போகிறது. பெற்றோரை இழந்த சிறுவனோ சிறுமியோ பிணை நிற்பவர் யாரும் இல்லாமல் தன்னையே விற்றுக்கொண்டால், வாங்கியவருக்கும் பத்திரம் எழுதிக் கொடுத்தவருக்கும் சாட்சிக் கையெழுத்துப் போட்டவருக்கும் அடி. பத்திரம் செல்லாது. பிள்ளைக்குத் தண்டனை இல்லை. பத்திரம் எழுதியவரையும் சாட்சியையும் சேர்த்ததில் ஒரு நுட்பம் இருக்கிறது. எழுதத் தெரிந்தவர் சிலரே இருந்த ஓர் ஊரில், அந்தச் சிலர் எழுத மறுத்தால் விற்பனைக்கு ஆதாரமே இருக்காது. பசித்த குழந்தையைச் சட்டத்தால் தடுக்க முடியாது. எழுத்தாணி பிடித்தவரைத் தடுக்க முடியும்.

பெண்கள் குறித்த விதிகளில்தான் லே சட்டம் சீன மரபிலிருந்து தெளிவாக விலகி நடக்கிறது. பலரும் மேற்கோள் காட்டும் 308ஆம் விதியின்படி, கணவன் மனைவியைப் புறக்கணித்து ஐந்து மாதம் அவளிடம் வராமல் இருந்தால், அவள் உள்ளூர் அதிகாரியிடம் முறையிட்டு, ஊர் அதிகாரி அதற்குச் சாட்சி சொன்னால், அவன் தன் மனைவியை இழக்கிறான். குழந்தை இருந்தால் தவணை ஓர் ஆண்டு. அரசுப் பணியாகத் தொலைவு சென்றவர்களுக்கு விலக்கு உண்டு. விட்டுப்போனவன் பிறகு அவளுடைய மறுமணத்தைத் தடுத்தால் அதற்கும் தண்டனை. கணவன் ஓடிப்போனதால் மணமானவளாகவும் இல்லாமல் தனித்தவளாகவும் இல்லாமல் நடுவில் நின்ற ஒரு பெண்ணுக்கு, ஐந்து மாதத்தில் ஊரறிய ஒரு நிலை கிடைத்தது. பெண்ணின் உடலைப் பற்றிய விதிகளிலும் இதே போக்குத்தான். 12 வயதும் அதற்குக் கீழும் உள்ள சிறுமி இணங்கினாள் என்று சொல்லித் தப்ப முடியாது. அது வன்புணர்வாகவே கொள்ளப்படும் என்கிறது 404ஆம் விதி. வழக்குக்காக வந்த பெண்ணோடு சிறை அதிகாரியோ எழுத்தரோ காவலரோ தகாத உறவு கொண்டால், சாதாரணமாக அதே குற்றம் செய்தவனைவிட ஒரு படி அதிகத் தண்டனை என்கிறது 409ஆம் விதி. மாகாண அதிகாரி தன் ஆட்சிப் பரப்பிலுள்ள பெண்ணை மணந்தால் 70 தடியடி, மூன்று படி பதவி இறக்கம், அதோடு வேலையும் போகும். அதிகாரம் உள்ளவனுக்கு அதிகாரம் இல்லாதவள் கொடுத்த சம்மதத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளச் சட்டம் மறுக்கிறது. 15ஆம் நூற்றாண்டின் எந்த நாட்டுச் சட்டத்தோடு ஒப்பிட்டாலும் இது தலைநிமிர்ந்து நிற்கும் சிந்தனை.

தண்டனையிலும் வயதும் உடல்நிலையும் கணக்கில் வந்தன. 70 வயதைக் கடந்தவர், 15 வயதுக்குள் உள்ளவர், ஊனமுற்றவர் ஆகியோர் நாடுகடத்தல் வரையிலான தண்டனைகளைப் பணம் கட்டித் தீர்த்துக்கொள்ளலாம். 80ஐக் கடந்தவர், 10க்குள் உள்ளவர், கொடுநோயாளி ஆகியோர் மரண தண்டனைக்குரிய கொலையே செய்திருந்தாலும் அரசரின் முடிவுக்கு அனுப்பப்பட வேண்டும். 90ஐக் கடந்தவருக்கும் 7 வயதுக்குள் உள்ளவருக்கும் தண்டனையே இல்லை. ஆனால் அவர்களைத் தூண்டிவிட்டவர் யாரோ அவரே குற்றவாளி. இந்தக் கடைசிச் சொல்லைக் கவனிக்க வேண்டும். குழந்தைக்கு விலக்கு கொடுத்தால் பெரியவர்கள் குழந்தையை ஏவித் திருடுவார்கள் என்பதை எண்ணிப் பார்த்தே எழுதியிருக்கிறார்கள். 70ஐக் கடந்தவர், 15க்குள் உள்ளவர், ஊனமுற்றவர் என்ற முதல் வரிசையினரிடம் சித்திரவதை செய்து வாக்குமூலம் வாங்கக் கூடாது, சாட்சிகளை வைத்தே முடிவு செய்ய வேண்டும் என்கிறது 665ஆம் விதி. கருவுற்ற பெண்ணுக்கு மரண தண்டனையே விதிக்கப்பட்டிருந்தாலும், பிரசவமாகி 100 நாள் கழியும் வரை நிறைவேற்றக் கூடாது. முந்திக்கொண்ட சிறை அதிகாரிக்குத் தண்டனை உண்டு. கனமான தடியால் அடிப்பது ஆண்களுக்கு மட்டுமே. கட்டாய உழைப்பிலும் பெண்களுக்கு நெல் குத்துதல், பட்டுப்புழு வளர்த்தல் போன்றவை வகுக்கப்பட்டன.

இங்கே முதல் மறுப்பு எழுகிறது. இவையெல்லாம் சீனாவிலிருந்து கடன் வாங்கியவை அல்லவா? வயது வரம்புகளும் 100 நாள் கணக்கும் 653ஆம் ஆண்டின் டாங் சட்டத்தில் இருக்கின்றன. துணையற்ற ஏழைகளைப் பேணும் 295ஆம் விதியின் உருவம் மிங் சட்டத்தில் இருக்கிறது; அந்தக் கருத்தின் வேர் அதைவிடப் பழையது. மனைவியற்றவர், கணவனற்றவர், பெற்றோரற்றவர், பிள்ளையற்றவர் என்ற நால்வரையே நல்ல அரசன் முதலில் கவனிப்பான் என்று மென்சியஸ் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் சொல்லிவிட்டார். கடன் வாங்கியது உண்மை. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் 722 விதிகளில் பாதிக்கு மேற்பட்டவற்றுக்கு டாங் சட்டத்திலும் மிங் சட்டத்திலும் இணை இல்லை. ஐந்து மாதத் தவணை வியட்நாமியருடையது. முதியவரும் சிறுவரும் பணம் கட்டித் தண்டனையிலிருந்து மீளலாம் என்ற ஏற்பாடுகூட லே காலத்தில் புதிதாக இறக்குமதியானதல்ல. லீ அரசகுலத்தின் 1042ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே அது இருந்தது. அதாவது நானூறு ஆண்டு இந்த மண்ணில் புழங்கிய பிறகு லே சட்டத்தில் அது எழுதப்பட்டது. இருபது ஆண்டு தங்களை ஒடுக்கிய மிங் ஆட்சியை விரட்டியவர்கள், அந்த ஆட்சியின் சட்டத்திலிருந்து எதை எடுப்பது, எதை விடுவது என்று தேர்ந்தெடுத்தார்கள். அநாதையைப் பேணும் விதியை எடுத்துக்கொண்டார்கள். அந்தத் தேர்வு அவர்களுடையது.

இரண்டாவது மறுப்பு இதைவிட வலுவானது. இது இரக்கத்தால் வந்ததல்ல, அரசின் தன்னலத்தால் வந்தது என்பார்கள். ட்ரான் காலப் பிரபுக்கள் தங்கள் பண்ணைகளில் பெருந்தொகையான அடிமைகளை வைத்திருந்தார்கள். அடிமையானவன் வரி கட்டமாட்டான், அரசனின் படைக்கு வரமாட்டான். ட்ரான் குலத்தை அடுத்து வந்த ஹோ அரசு 1401இல் அடிமைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டியதன் நோக்கம் பிரபுக்களின் முதுகெலும்பை முறிப்பதே. லே அரசு குடிமகனை அடிமையாக்கத் தடை போட்டபோதும் இந்தக் கணக்கு அதன் மனத்தில் இருந்தது. ஒப்புக்கொள்கிறேன். உழைக்கும் வயதினரைப் பற்றிய விதிகளுக்கு இந்த விளக்கம் போதும். ஆனால் பாலத்தில் சாகக் கிடக்கும் வழிப்போக்கனால் அரசுக்கு என்ன வரி வரும்? கண் தெரியாத, கை கால் வழங்காத, உறவற்ற முதியவரால் எந்தப் படைக்கு ஆள் கிடைக்கும்? 1429இல் லே லோய் நிலப் பங்கீட்டுக்கு ஆணையிட்டபோது, பங்கு பெறுவோர் வரிசையை உயர் அதிகாரிகளில் தொடங்கி, வலுவிழந்த முதியவர், அநாதை, விதவை வரை கொண்டுவந்து நிறுத்தினார். வரிக்கணக்கு மட்டுமே நோக்கம் என்றால் வரிசை அவ்வளவு தூரம் இறங்கி வந்திருக்கத் தேவையில்லை. தன் ஆட்சி நியாயமானது என்று மக்களுக்குக் காட்டும் தேவை புதிய அரசகுலத்துக்கு இருந்தது என்பதும் உண்மைதான். அந்தத் தேவைக்கு விதவையின் நிலத்தையும் நோயாளியின் கஞ்சியையும் அது அளவுகோலாக ஏற்றுக்கொண்டது என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும்.

ஏட்டில் இருந்தது நடந்ததா என்பது மூன்றாவது கேள்வி. ஒவ்வொரு ஊரிலும் கொட்டகை எழுந்தது என்று நம்புவதற்கில்லை. அநாதையின் உணவைத் திருடுவதற்குத் தனித் தண்டனை வைத்ததே, அப்படித் திருட்டு நடந்தது என்பதற்குச் சான்று. ஆனாலும் இந்த விதிகளை வெறும் நல்லெண்ண அறிக்கை என்று தள்ளிவிட முடியாதபடி ஒன்று தடுக்கிறது. தண்டனை பதவிப் படியில் விழுந்தது. லே தான் தோங் காலத்தில் அதிகாரிகளின் பணி குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை மதிப்பிடப்பட்டது. வருமானமும் நிலப் பங்கும் மரியாதையும் படியைப் பொறுத்தே அமைந்தன. ஓர் அதிகாரியை எங்கே தொட்டால் வலிக்குமோ அங்கே தொட்டது சட்டம். அதன் உண்மையான பலவீனம் வேறிடத்தில் இருந்தது. பொறுப்பையெல்லாம் ஊரின் தலையில் வைத்த சட்டம், ஊர் என்ற ஒன்று நிலைத்திருக்கும் என்று எடுத்துக்கொண்டது. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் செந்நதிச் சமவெளியில் பஞ்சமும் கலகமும் சேர்ந்து வந்தபோது, குடிகள் ஊரைக் காலிசெய்துகொண்டு அலைந்தார்கள். ஊரே கலைந்துபோன இடத்தில் யாருக்குப் பதவி இறக்கம் கொடுப்பது? பாதுகாப்பு மிக அதிகமாகத் தேவைப்பட்ட நாளில் பொறுப்பாளர் இல்லாமல் போனார். உரிமையாக எழுதாமல் இன்னொருவரின் கடமையாக மட்டும் எழுதியதன் விலை இதுதான்.

கடைசி மறுப்புக்கு எதிர்வாதம் கிடையாது, ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். இதே சட்டம் மனிதர்களைப் படிநிலைகளில் அடுக்கியது. ஒரே அடியைக் கணவன் மனைவிக்குக் கொடுத்தால் ஒரு தண்டனை, மனைவி கணவனுக்குக் கொடுத்தால் அதைவிடக் கடுமையான தண்டனை. ஏழு காரணங்களைக் காட்டிக் கணவன் மனைவியை விலக்கலாம். அநாதைச் சிறுவரைக் காத்த அதே 313ஆம் விதி, 15 வயதைக் கடந்த துணையற்ற ஏழை மனமுவந்து தன்னை விற்றுக்கொண்டால் அனுமதிக்கிறது. பட்டினியின் முன்னால் மனமுவந்து என்ற சொல்லுக்கு என்ன பொருள் இருக்க முடியும்? மலைவாழ் குடிகள் தங்களுக்குள் செய்துகொண்ட குற்றத்தைத் தங்கள் வழக்கப்படி தீர்த்துக்கொள்ள 40ஆம் விதி இடம் தந்தது. ஆனால் சமவெளி மக்களோடு ஏற்பட்ட தகராறுக்கு அரசின் சட்டமே முடிவு சொன்னது. எல்லாவற்றுக்கும் மேலாக, சட்டத்துக்குத் தன் ஆட்சிப்பெயரையே கொடுத்த லே தான் தோங் 1471இல் சம்பா நாட்டின் தலைநகரான விஜயாவை அழித்தபோது, 30,000 பேருக்கு மேல் சிறைபிடிக்கப்பட்டதாக அவருடைய நாட்டு வரலாறே எழுதுகிறது. பிடிபட்ட சாம் மக்களுக்கு அடிமைத்தனம் காத்திருந்தது. வழிப்போக்கனின் ஊரைக் கேட்காத சட்டம், போரில் தோற்றவனின் நாட்டைக் கேட்டது. லே சட்டத்தை மனித உரிமை ஆவணமாகப் போற்றி எழுதுபவர்கள் இந்த இடத்தை விட்டுவிட்டு எழுதக் கூடாது.

இத்தனையும் சொன்ன பிறகும் என் தீர்ப்பு அந்தச் சட்டத்தின் பக்கமே சாய்கிறது. காரணம், அதற்குப் பின் வந்தது எப்படி இருந்தது என்பதை அறிந்திருக்கிறோம். நூயென் அரசகுலத்தின் முதல் மன்னர் ஜியா லாங் 1815இல் புதிய சட்டத்தொகுப்பை வெளியிட்டார். அதில் 398 விதிகள்; பெரும்பாலும் சீனத்துச் சிங் சட்டத்தை அடியொற்றியவை. லே சட்டம் மூன்றரை நூற்றாண்டாகச் சேர்த்துவைத்த உள்ளூர் விதிகளில் பலவற்றுக்கு, குறிப்பாகப் பெண்கள் தொடர்பானவற்றுக்கு, அதில் இடம் கிடைக்கவில்லை. 308ஆம் விதி மறைந்தது. கணவன் ஓடிப்போன பெண் இனி அதிகாரியிடம் முறையிட்டு மறுமணம் செய்துகொள்ள மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும். ஐந்து மாதம் எப்படி மூன்று ஆண்டு ஆயிற்று, அதற்கு இடைப்பட்ட உள்நாட்டுப் போர்களும் டாய் சோன் எழுச்சியும் என்ன செய்தன என்பதை அடுத்த பகுதியில் பார்ப்போம்.